தண்ணி காட்டியவள்

கண் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிற எவருக்கும் மனிதர்கள் சொல்வதில் பெரிய நம்பிக்கை இருக்காது. சின்னவளுக்கும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. நடுவே ஏற்றி இறக்கும் நாற்காலி. அதில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கடைசி வரி தெரியாமலே தெரிகிறது என்பார்கள். கழுத்தை நீட்டுவார்கள், கண்ணை இடுக்குவார்கள், குத்துமதிப்பாக ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு, சரியா என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பரீட்சையில் தேறினால் போதும்; கண்ணாடி போட வேண்டியது தாங்கள்தான் என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிருக்கும்.

ஆகவே, ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு எழவும் தெரியல கண்ணு" என்று பட்டென்று சொன்ன அம்மாளை அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அந்த அம்மாள் மீன்கடை வைத்திருந்தார். சமைக்கிற மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற கடல் மீன். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் கருவியில் கோடு இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய புகார்.

"புதுக் கண்ணாடி போட்டதும் முதல்ல என் கடையைத்தான் பார்க்கப்போறேன். நீயும் வா. நீ குடுத்தது சரியா தப்பான்னு அங்கேயே தெரிஞ்சிடும்."

போனாள். இருட்டான கடை. வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில், பாறையோடு பாறையாக ஏதோ பழுப்புக் கட்டி ஒட்டியிருந்தது. கடைக்காரம்மா விளக்கைப் போட்டுவிட்டு, "சும்மா நின்னு பாரு" என்றார். சின்னவள் நின்றாள். அந்தக் கட்டி மெல்ல உப்பியது. அதிலிருந்து பச்சை பச்சையாகச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. பிறகு எல்லா விரல்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற கல் என்றே அதுவரை நினைத்திருந்தவள், வாயைத் திறந்தபடி நின்றாள். வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை மீன்கடைக்காரம்மாதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அக்கா வீட்டில் டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"வீட்டுல கடல் வைக்கப் போறேன்."

அக்காவின் கணவர், சின்னவளின் அத்தான், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உள்ள வண்டியில் வாழ்நாளைக் கழித்ததால், பிறர் செய்கிற எதையும் பக்கத்திலிருந்து நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. கால்வந்த கலை என்பதே சரி. எது நடந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். சொல்லாததையும் அப்பவே சொன்னதாகச் சொல்லுவார். குடும்பத்துக்குள் அவருக்கு 'அப்பவே அத்தான்' என்று பெயர். அவர் காதுபடச் சொல்வதில்லை.

"கடலா? இதுக்குப் போய் யோசிக்கணுமா? தொட்டி, தண்ணி, ஒரு கிலோ சமையல் உப்பு. முடிஞ்சுது" என்றார் அத்தான்.

"அப்படி இல்லையாம் அத்தான். அதுக்குன்னு தனி உப்பு இருக்காம்."

"உப்புல என்னம்மா தனி? நான் அப்பவே சொன்னேன், கடைக்காரங்க தலையில மிளகா அரைப்பாங்கன்னு. நானும் வர்றேன்."

அப்படித்தான் அவர்கள் மூன்று பேரும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மீன்கடைக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் சின்னவளின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்.

"புதுசுதானே, சின்னதா ஒரு தொட்டி போதும்" என்றாள் சின்னவள்.

"புதுசுன்னாதான் பெருசு வேணும்" என்றார் கடைக்காரம்மா. புதுக் கண்ணாடி அவர் மூக்கில் பளபளத்தது. "சின்னத் தொட்டியில ஒரு நத்தை செத்தாலே தண்ணி கெட்டுப்போகும். பெரிய தொட்டி தப்பு பண்ணினா மன்னிக்கும். சின்னத் தொட்டி மாமியார் மாதிரி, ஒண்ணையும் மறக்காது."

இருநூறு லிட்டர் தொட்டி ஒன்றைக் காட்டினார். மெக்கானிக் அதைச் சுற்றி வந்தார்.

"லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, பாறை, மணல். நாலு ஆளு நம்ம கூடத்துல ராப்பகலா ஒரே இடத்துல நிக்கிற கணக்கு. சுவர் ஓரமா, தூண் பக்கத்துல வச்சா தாங்கும்."

சாமான்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக்கி மேலே தள்ளும் ஸ்கிம்மர். "தொட்டிக்குக் கக்கூஸ்" என்று அதை ஒரே வார்த்தையில் விளக்கினார் கடைக்காரம்மா. குழாய்த் தண்ணீரைச் சுத்தமாக்கும் வடிகட்டி. "மனுஷன் குடிக்கிற தண்ணியைப் பவளம் குடிக்காது." அலை அடிக்க வைக்கும் பம்பு. "பவளத்துக்குக் கால் கிடையாது. சாப்பாடு அதைத் தேடி வரணும்." தண்ணீரைச் சூடாக வைக்கும் ஹீட்டரை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்தார்.

"ஒண்ணு போதாதா?" என்றார் அத்தான்.

"ஒண்ணு மக்கர் பண்ணினா?"

மெக்கானிக்கின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "லிஃப்ட்லயும் அப்படித்தாங்க. ஒரு கயிறு தாங்கும். ஆனாலும் அஞ்சாறு போடுவோம்."

விளக்கு வாங்கும்போதுதான் அத்தான் முழு மூச்சாக இறங்கினார். இருப்பதிலேயே பெரியது வேண்டும், ரிமோட் வேண்டும், மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு பொத்தான் இருந்ததே, அது கட்டாயம் வேண்டும்.

"மீனுக்கு எதுக்குங்க மின்னல்?" என்றார் கடைக்காரம்மா. "அதுங்க பயந்து சாகவா? இந்தப் பொண்ணு முதல்ல வளர்க்கப்போறது லேசான பவளம். நடுத்தர விளக்கு போதும்."

கடைசியாக, ஈரச் சாக்கில் சுற்றிய பாறைகள் வந்தன. ஓட்டை ஓட்டையாக, ஊதா பூத்து, கடல் நாற்றம் அடிக்கும் பாறைகள். உயிர்ப்பாறை என்றார். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில்தான் குடியிருக்குமாம். "வேற என்னென்ன குடியிருக்குன்னு எனக்கே தெரியாது. உள்ள போய்ப் பார்க்கவா முடியும்?"

"அந்த ஆரஞ்சு மீன் ரெண்டு பிடிச்சுப் போடுங்க, கிளம்பலாம்" என்றார் அத்தான்.

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மீனா? தொட்டி பக்குவமாக ஒரு மாசமோ, அதுக்கு மேலயோ ஆகும். அதுக்குள்ள யாராவது மீன் கேட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நிறுத்திடுவேன்."

திரும்பும்போது மெக்கானிக் வண்டி ஓட்ட, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பின்னிருக்கையில் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்த சின்னவள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கண்ணாடியில் தன் மூக்கை இடித்துக்கொண்டாள்.

தொட்டி கூடத்தில் ஏறியது. மெக்கானிக் ரசமட்டத்தை வைத்து, ஸ்டாண்டுக்கு அடியில் தகடு செருகி, மறுபடி வைத்து, மறுபடி செருகினார். குமிழி நடுவில் நிற்கும்வரை யாரையும் டீ குடிக்க விடவில்லை. சின்னவள் உப்பைக் கரைத்தாள். உப்பு பார்க்கும் கருவி சின்னத் தொலைநோக்கி போல இருந்தது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு. அது முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்த்த கருவிகளைப் பிடித்தவளுக்கு, தன் கண்ணுக்கென்று ஒரு கருவி கிடைத்ததில் பரம சந்தோஷம். டீயில்கூட ஒரு சொட்டு எடுத்து விட்டுப் பார்த்தாள்.

அலைப் பம்பைப் போட்டது அத்தான். "நான் பார்த்துக்கறேன்" என்று சுவிட்சை அழுத்தினார். பம்பின் வாய் மேல்நோக்கி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடல் ஒரு தடவை எழுந்து, கூரையைத் தொட்டு, அத்தானின் தலையில் இறங்கியது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. என்ன சொன்னார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தொட்டி இருந்தது. பாறை இருந்தது. மணல் இருந்தது. அலை அடித்தது. மீன் இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சின்னவளும் ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் விளக்கினாள். முதலில் அழுக்கிலிருந்து அமோனியா உண்டாகும், அது விஷம். அதைத் தின்னுகிற பூச்சிகள் பாறையில் பெருக வேண்டும். அவை கழிப்பதைத் தின்ன இன்னொரு வகைப் பூச்சி வர வேண்டும். அதுவரை மீனை விட்டால் செத்துப்போகும். மேல்வீட்டு சங்கீத டீச்சர் இதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரிம்மா, மீன் எங்கே?" என்றார். அத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "என் மச்சினி தண்ணி வளர்க்கறா. நல்லா கொழுகொழுன்னு வளருது" என்று பரப்பிவிட்டார். டிரைவிங் பழகுகிறவர்கள்கூட அவளைத் தெருவில் பார்த்தால் தண்ணீரைக் குசலம் விசாரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து, தொட்டிக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, "ஏம்மா, இன்னிக்குத் தண்ணி குட்டி போடுமா, நாளைக்கா?" என்று கேட்டபோது, சின்னவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"மீன் இருக்கே அத்தான்" என்றாள்.

"எங்கே?"

"அந்தப் பெரிய பாறைக்குப் பின்னாடி. கூச்ச சுபாவம். சட்டுனு வெளிய வராது."

அத்தான் குனிந்தார். கழுத்தை நீட்டினார். கண்ணை இடுக்கினார். சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். தினம் பார்க்கிற காட்சிதான். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"ஆமா" என்றார் அத்தான். "தெரியுது, தெரியுது."

"வால் எந்தப் பக்கம் இருக்கு?" நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"இடது பக்கம்."

"என்ன நிறம்?"

அத்தான் ஒரு கணம் தயங்கினார். "நீலம். லேசா ஒரு கோடு ஓடுது. அழகா இருக்கும்மா!"

சமையலறையில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல் அதைக் கைநழுவ விட்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட அப்போதே ஒரு நொடி இருந்தது. அந்த நொடிக்குள் அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். அக்காவும் குனிந்து பார்த்து, "ஐயோ, ஆமாண்டி! இப்பதான் உள்ள போச்சு" என்றாள். சங்கீத டீச்சரை அக்கா போய்க் கூட்டிவந்தாள். டீச்சருக்கு இரண்டு தெரிந்தது.

"புது மாப்பிள்ளை மாதிரி எப்படிக் கூச்சப்படுது பாரு" என்றார் அத்தான். மீனுக்கு அன்றிலிருந்து மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது.

"நீ எல்லாருக்கும் நல்லாத் தண்ணி காட்டுறே" என்றார் மெக்கானிக், அவர்கள் போன பிறகு.

"நான் என்ன பண்ணினேன்? இருக்குன்னேன். பார்த்தது அவங்க."

"எப்ப சொல்லப்போற?"

"சொல்றேன், சொல்றேன். நிஜ மீன் வந்ததும் மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டார்னு சொல்லிடலாம்."

ஆனால் மாப்பிள்ளையின் புகழ் அவள் கையை மீறிப் போயிற்று. அத்தான் தன் மாணவர்களை, அன்றைய பாடம் முடிந்ததும், அப்படியே வண்டியோடு அழைத்து வந்து காட்டினார். அதில் ஒரு பெண், "எனக்குத் தெரியலையே சார்" என்று சொல்லித் தொலைத்தாள். "கண்ணாடி பார்த்து ஓட்டத் தெரியாதவளுக்கு மீன் எப்படித் தெரியும்?" என்று அத்தான் அவளை அடக்கிவிட்டார். சின்னவளுக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

மெக்கானிக்குக் கவலை வேறு. கூடத்தில் அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் நகத்தால் சுண்டுவது போல. பம்பைக் கழற்றி மாட்டினார். ஸ்கிம்மரைக் கழற்றி மாட்டினார். ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

"லிஃப்ட்ல இப்படி ஒரு சத்தம் வந்தா நான் ஆள் ஏத்தமாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, சாப்பிடும்போதும் தலையைச் சாய்த்தபடி இருந்தார்.

பிறகு ஒரு நாள் தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. பால் கொட்டிய மாதிரி. அமோனியா பார்க்கும் குப்பியில் சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. சின்னவள் பதறிப்போய்ப் பாறைக்குப் பின்னால் குழாய்விட்டு உறிஞ்சினாள். மணல் மேல் கொழகொழவென்று மீன் தீனி வந்தது. கைப்பிடி கைப்பிடியாக.

அத்தானுக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன். வர்றப்பல்லாம் கொஞ்சம். நீ சாப்பாடு போட்டு நான் பார்க்கவே இல்ல. அதான் அது வெளிய வராம கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விளையாட்டு இப்போது விளையாட்டாக இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மீனே இல்லை. எப்போதும் இருந்ததில்லை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மன்னிச்சுக்குங்க அத்தான்.



"எப்பம்மா போச்சு?" என்றார் அத்தான், தழைந்த குரலில்.

"எது?"

"மாப்பிள்ளை. செத்துப்போயிட்டான்னு நேரா சொல்லேன். நான் போட்ட தீனியாலதான்னு எனக்கு வருத்தமாயிடும்னு இப்படிக் கதை கட்டுறியா? உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா."

"ஐயோ அத்தான், மீனே..."

"நான் என் கண்ணால பார்த்தேம்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அக்காவும் அத்தானும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சங்கீத டீச்சரும் இறங்கி வந்து, "இன்னொண்ணாவது இருக்கா?" என்று கேட்டார். மெக்கானிக் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து அக்கா, "பாவம்டி, உன் வீட்டுக்காரர் எவ்வளவு பாசம் வச்சிருந்தார்!" என்றாள். உண்மையைப் பேசிக் காரியம் ஆகவில்லை என்று சின்னவள் எல்லோருக்கும் டீ போட்டாள்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, காத்திருந்து, மறுபடி மாற்றியதில் தொட்டி ஒருவழியாகத் தெளிந்தது. குப்பிகள் மஞ்சளுக்குத் திரும்பின. கடைக்காரம்மா சோதித்துப் பார்த்து, "பக்குவமாயிடுச்சு. முதல்ல பாசி தின்ன நத்தை விடு. அது பிழைச்சா மீன்" என்று கைநிறைய நத்தைகள் தந்தார்.

நத்தைகள் கண்ணாடியில் ஏறின. நாக்கால் கோடு போட்டன. அழகாக இருந்தது. ஆனால் அந்த 'டக்' இப்போது அடிக்கடி கேட்டது; ஒவ்வொரு 'டக்'குக்குப் பிறகும் நத்தைக் கூட்டம் குறைந்தது. வேலைவிட்டு வந்த சின்னவள் மணலில் கிடந்த ஓடு ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டில், சுத்தியலால் அடித்த மாதிரி ஓட்டை.

கூடத்துத் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள். கைப்பையிலிருந்து, கண்ணுக்குள் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச்சை எடுத்தாள். கணவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகத் தரையில் மண்டியிட்டார்கள். ஒவ்வோர் ஓட்டையாக வெளிச்சம் போனது. பெரிய பாறைக்குப் பின்னால், கீழே, விரல் நுழையும் ஓட்டை ஒன்றில் வெளிச்சம் நின்றது.

உள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

காம்பு மேல் வைத்த கண்கள். ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றது திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தது. ஒவ்வொரு கண்ணின் குறுக்கிலும் பட்டையாக ஒரு கோடு. எத்தனையோ ஆயிரம் கண்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவளை இப்படி அளவெடுத்துப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "நம்ம வீட்டுல மாப்பிள்ளை இருக்கார்."

"அப்பாடா, பம்பு இல்ல" என்றார் மெக்கானிக்.

செய்தி கேட்டதும் கடைக்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அக்காவும் அத்தானும் வந்தார்கள். கும்பிடுபூச்சி மாதிரி கை மடக்கி வைத்திருக்கும் ஒருவகை இறால் அது, பாறைக்குள் ஒளிந்து வந்திருக்கிறது, அதன் குத்து நத்தை ஓட்டைப் பிளக்கும் என்றார் கடைக்காரம்மா. "என் கடையில அந்தப் பாறை எத்தனை நாள் கிடந்துச்சு! என் கண்ணுல படவே இல்ல பாரேன். அப்ப பழைய கண்ணு."

அத்தான் நடுக்கூடத்தில் நின்று மார்பை நிமிர்த்தினார். "நான் அப்பவே சொன்னேன்!"

யாராலும் மறுக்க முடியவில்லை. அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார்.

"நீலம்னு சொன்னீங்க. இது பச்சையால்ல இருக்கு?" என்றாள் அக்கா.

"நீலப் பச்சை" என்றார் அத்தான்.

பாறையைத் தூக்கி ஒரு வாளிக்கு மேல் பிடிக்க வேண்டும். ஓட்டைக்குள் சிரிஞ்சால் சோடாவைப் பீய்ச்சினால் அது தாங்காமல் குதித்துவிடும். இது கடைக்காரம்மாவின் திட்டம். மெக்கானிக் பாறையைப் பிடித்தார். சின்னவள் வாளியைப் பிடித்தாள். சோடா அத்தான் பொறுப்பு.

"எந்தக் காரணத்தைக் கொண்டும் கையால தொடாதீங்க" என்றார் கடைக்காரம்மா. "விரல் போயிடும்."

முதல் பீய்ச்சலுக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு ஓட்டைக்குள் நுரை பொங்கியது. மூன்றாவதற்கு, பச்சையாக ஏதோ தெறித்து வந்து, வாளியைத் தவறவிட்டு, தரையை நோக்கிப் பறந்தது. அத்தானின் வலது கால் காற்றில் பிரேக்கைத் தேடி மிதித்தது. வலது கை தானாக நீண்டு அதைப் பிடித்தது.

'டக்.'

அத்தான் போட்ட சத்தத்தில் சங்கீத டீச்சரின் வகுப்பு நின்றுபோனது. ஆனால் அவர் அதைத் தரையில் போடவில்லை. வாளிக்குள்தான் போட்டார்.

சமையலறையில் சின்னவள் அவர் கட்டைவிரலைக் கழுவிக் கட்டுப்போட்டாள். நகம் பிளந்திருந்தது, விரல் தப்பித்திருந்தது. கூடத்தில் மற்றவர்கள் வாளியைச் சுற்றி ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அத்தான் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணையும் பார்க்கலம்மா."

"என்ன அத்தான்?"

"அன்னிக்கு. நீ இருக்குன்னே. நான் குனிஞ்சு பார்த்தேன், வெறும் பாறைதான். சரி, நமக்குத்தான் தெரியல போலிருக்குன்னு நினைச்சேன். எனக்குத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவனாச்சே! அப்புறம் உங்க அக்கா பார்த்தா, டீச்சர் பார்த்தாங்க. அடப்பாவி, எனக்கு மட்டும்தான் தெரியலையான்னு தூக்கமே போச்சு. தினம் வந்து தீனி போட்டது எதுக்குங்கறே? ஒரு தடவையாவது நிஜமா பார்த்துடணும்னுதான்."

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊரை ஏமாற்றியதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த மனிதர் தனியாக உட்கார்ந்து பாறையை வெறித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நானும் ஒண்ணையும் பார்க்கல அத்தான். அன்னிக்கே போன்ல சொன்னேனே."

"சொன்னே. நம்பினா நான் பொய் சொன்னது நிஜமாயிடுமே, அதான் நம்பல." கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பார்த்தார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

"அக்காவும் பார்க்கலையே."

"அது எனக்கும் தெரியும். அவகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்ன என்ன என்று அக்கா உள்ளே ஓடிவந்தாள். வலிக்கு மருந்து போட்டதில் கூசிவிட்டது என்று அத்தான் சமாளித்தார்.

வாளியில் இருந்த மாப்பிள்ளையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மீன்களோடு ஒரே தொட்டியில் விட முடியாது. கடைக்காரம்மா எடுத்துப்போவதாகச் சொன்னார். அத்தான் வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"என்னை அடிச்சவன் என் வீட்டுக்குத்தான் வரணும்" என்றார்.

அப்படியாக அக்கா வீட்டில் ஒரு சின்னத் தொட்டி ஏறியது. ஹீட்டர் இரண்டு, தனி உப்பு, சின்னப் பம்பு. மெக்கானிக் போய் மட்டம் பார்த்துக் கொடுத்தார். வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவர் அங்கே ராஜபோகத்தில் இருக்கிறார். அவருக்கு நத்தை தேடி அத்தான் தெருத்தெருவாக அலைகிறார். வண்டி பழக வருகிறவர்களும் கூடவே போய்வருகிறார்கள்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைக்காரம்மா தன் கையாலேயே இரண்டு ஆரஞ்சு மீன்களைப் பையில் கட்டிக் கொடுத்தார். கூடவே, கட்டைவிரல் அளவுப் பவளத் துண்டு ஒன்று. சின்னவள் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும்வரை பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, கடைசியில் மீன்களை வலையில் எடுத்து இறக்கினாள். அவை ஒளியவில்லை. நேராகக் கண்ணாடிக்கு வந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. எல்லாவற்றுக்கும் மூத்தது போல ஒன்று மற்றதை அதட்டியது.

மெக்கானிக் வேலைவிட்டு வந்து, கிரீஸ் கறையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பவளம் இன்னும் சுருங்கியே இருந்தது.

"அதை இன்னும் ஒரு விரக்கடை மேல வச்சிருக்கலாம்" என்றார். "வெளிச்சம் நல்லாப் படும்."

"கையை உள்ள விட்டீங்கன்னா அப்புறம் நடக்கறது வேற."

"சும்மா சொன்னேன்."

"சும்மா பாருங்க."

பார்த்தார்கள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அதை அணைக்க இரண்டு பேரில் யார் எழுந்து போவது என்று சாடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பவளத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு விரல் மட்டும் வெளியே வந்து, அலையில் லேசாகச் சாய்ந்தது.